பாதுகாப்பற்ற உறவுக்குப் பின்: வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இந்த இதழுக்காக வந்த கடிதங்களில் நான்கு, ஆணுறையோ வேறு கருத்தடையோ இல்லாமல் நிகழ்ந்த உடலுறவுக்குப் பின் எழும் அச்சத்தைப் பற்றியவை. எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறோம். முதல் கடிதத்துக்கு அது மின்னஞ்சலில் வந்த அன்றே சுருக்கமான பதிலை அனுப்பிவிட்டேன். இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல அது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விரிவான விளக்கத்தை இங்கே தருகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 23. நானும், நான் திருமணம் செய்துகொள்ள இருப்பவரும் நேற்று முன்தினம் இரவு உறவுகொண்டோம். ஆணுறை இல்லை, ஆனால் விந்து வெளியேறும் முன்பே அவர் விலகிக்கொண்டார். அன்று எனக்கு மாதவிடாய் தொடங்கிய 10-ஆம் நாள். 14-ஆம் நாளில்தான் கரு உண்டாகும் என்று தோழி சொல்கிறாள். உடனே சிறுநீர் கழித்து, நன்றாகக் கழுவியும் கொண்டேன். பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்ததில் ஒரே கோடுதான் வந்தது. இரண்டு மெடிக்கலில் மாத்திரை கேட்டேன், இல்லை என்றார்கள். இனி எனக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, இன்றே மாத்திரையைத் தேடுங்கள் என்பதுதான் உங்களுக்கு நான் முதலில் எழுதிய வரி. அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

கருமுட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுக்களோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள்கள் வரை உயிரோடு இருக்கக்கூடியவை. எனவே கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாள்களும் சேர்ந்த 6 நாள்களில் எந்த நாளில் உறவு நிகழ்ந்தாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த 6 நாள்களின் முதல் நாளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருக்கும் வாய்ப்பு, கருமுட்டை வெளிவரும் நாளில் மூன்றில் ஒரு பங்காக உயர்கிறது என்று காட்டியது. தோழி சொல்லும் 14-ஆம் நாள் கணக்கு, மாதவிடாய்ச் சுழற்சி 28 நாள்களாகத் தவறாமல் வருபவர்களுக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். கருமுட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையுள்ள பின்பகுதிதான் ஏறத்தாழ 14 நாள்கள். முன்பகுதி பெண்ணுக்குப் பெண் மாறும், ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். சுழற்சி 25 நாள்களாக உள்ள பெண்ணுக்கு 11-ஆம் நாளிலேயே கருமுட்டை வெளிவந்துவிடலாம். 28 நாள் சுழற்சி என்றே வைத்துக்கொண்டாலும், 10-ஆம் நாளில் உள்ளே சென்ற விந்தணு 14-ஆம் நாள்வரை காத்திருக்க வல்லது. ஆகவே உங்கள் 10-ஆம் நாள் பாதுகாப்பான நாள் அல்ல.

விலகிக்கொள்வது ஒன்றும் செய்யாததைவிட மேல் என்ற அளவுக்குத்தான் அதை நம்பலாம். அந்த முறையை மட்டுமே நம்பியிருக்கும் தம்பதியரில் ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பெண்கள் கருத்தரிக்கிறார்கள். சிறுநீர் கழிப்பது சிறுநீர்த்தொற்றைத் தடுக்க ஓரளவு உதவலாமே தவிர, சிறுநீர் வரும் வழி வேறு, விந்து செல்லும் வழி வேறு என்பதால் கருத்தரிப்பில் அதற்குப் பங்கில்லை. கழுவுவதும் அப்படியே, சில நிமிடங்களுக்குள் விந்தணுக்கள் கருப்பை வாயின் சளிக்குள் புகுந்துவிடுகின்றன. சோப்பு நீரையோ கிருமிநாசினியையோ உள்ளே செலுத்திக் கழுவும் பழக்கம் அங்கே இயல்பாக உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்துத் தொற்றுக்கு இடம் தருவதால், அதை யாரும் செய்யவே கூடாது.

அவசரக் கருத்தடை மாத்திரை என்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட ஒற்றை மாத்திரை. அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. அதற்குள் விந்தணுக்கள் செயலிழந்துவிடுகின்றன. கருமுட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் மாத்திரையால் பயன் இல்லை. இதனால்தான் 72 மணி நேரம் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை ‘மூன்று நாள் இருக்கிறதே’ என்று பொருள்கொள்ளாமல், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பலனைக் குறைக்கிறது என்று கொள்ள வேண்டும். இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. ஏற்கெனவே பதிந்துவிட்ட கருவை இது கலைக்காது, அதற்குத் தீங்கும் செய்யாது. பிற்காலத்தில் குழந்தைப்பேறு இல்லாமல் போய்விடும் என்று பரவியிருக்கும் பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை சாப்பிட வேண்டும். காசநோய்க்காக ரிஃபாம்பிசின், வலிப்புக்காகக் கார்பமசெபின் அல்லது பெனிட்டாயின் எடுத்துக்கொள்பவர்களுக்கும், உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் இதன் பலன் குறையலாம்.

மருத்துவர் சீட்டு இல்லாமலே இதை விற்கலாம் என்று 2005-இலேயே அனுமதி வழங்கப்பட்டுவிட்டது. இருந்தும் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இதை வாங்கி வைப்பதே இல்லை என்பதும், கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்திகள். கடைகடையாக அலைந்து ஒரு நாளை இழப்பதைவிட, மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவுக்கோ நேராகச் செல்லுங்கள். அங்கே இன்னொரு வழியும் உண்டு. உறவு நடந்த 5 நாள்களுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொண்டால், கருத்தரிப்பு 99 விழுக்காட்டுக்கும் மேல் தடுக்கப்படும். அவசர வழிகளில் இதைவிட உறுதியானது இல்லை. குழந்தை பெறாதவர்களுக்கும் பொருத்தலாம். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. தொடர்ந்து 10 ஆண்டுகள்வரை பயன்தரும் வகையும் அங்கே கிடைக்கும்.

நீங்கள் பார்த்த ஒற்றைக் கோடு எதையும் சொல்லவில்லை. கரு கருப்பையில் பதிந்த பிறகே பரிசோதனை அட்டை கண்டறியும் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. பதிவதற்கே உறவு நடந்து ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். மாதவிடாய் தள்ளிப்போன பிறகோ, உறவு நடந்து 3 வாரங்கள் முடிந்த பிறகோ, காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் பாருங்கள். மாத்திரை சாப்பிட்ட மாதத்தில் மாதவிடாய் ஒரு வாரம் முன்னோ பின்னோ வருவது இயல்பு. அதற்கும் மேல் தாமதமானால் பரிசோதனை தேவை. இடையில் தெரியும் சிறு கசிவை மாதவிடாய் என்று எண்ணி நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாத்திரை கருமுட்டையைத் தள்ளித்தான் போட்டிருக்கிறது, ஆகவே அதே மாதத்தில் மறுபடியும் பாதுகாப்பில்லாமல் உறவுகொண்டால் கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்ப வருகிறது.

ஒருவேளை கருத்தரித்து, நீங்கள் அதைத் தொடர விரும்பாவிட்டால், திருமணம் ஆகாதவர் என்ற காரணத்தால் எந்த மருத்துவரும் உங்களைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், கருத்தடை பலிக்காமல் உண்டான கருவைப் பற்றிய விளக்கத்தில் ‘மணமான பெண்ணோ அவள் கணவரோ’ என்று இருந்த இடத்தில் ‘பெண்ணோ அவளுடைய துணைவரோ’ என்று மாற்றியது. 18 வயது நிறைந்த பெண்ணுக்குத் தன் சம்மதம் ஒன்றே போதும். கணவரோ பெற்றோரோ கையெழுத்திட வேண்டியதில்லை. சட்டம் அனுமதிக்காத எவருக்கும் பெண்ணின் பெயரை வெளிப்படுத்தும் மருத்துவருக்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. கருக்கலைப்பு மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தானாகச் சாப்பிட்டு, கரு கருக்குழாயில் தங்கியிருப்பது தெரியாமல் உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவரப்படும் பெண்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் தொற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன மாத்திரையோ காப்பர்-டியோ எந்தப் பால்வினை நோயையும் தடுப்பதில்லை. திருமணத்துக்கு முன் நீங்கள் இருவருமே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. எப்போது, எதை என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: என் வயது 28. வெளியூரில் வேலை பார்க்கிறேன். 20 நாள்களுக்கு முன் முன்பின் அறியாத ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவுகொண்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்து போனது, வாய்ப்புண்ணும் இருக்கிறது. தனியார் பரிசோதனைக் கூடத்தில் 6-ஆம் நாளும் 12-ஆம் நாளும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன், இல்லை என்று வந்தது. இரண்டு மாதத்தில் எனக்குத் திருமணம். ரத்த தானம் செய்தால் அவர்களே முழுதாகப் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: செய்யவே கூடாது. தொற்று உடலில் புகுந்தும் பரிசோதனையில் தெரியாத இடைக்காலம் ஒன்று உண்டு; அந்தக் காலத்தில் நீங்கள் கொடுக்கும் ரத்தம், பரிசோதனையில் தேறி, பிரசவத்திலோ விபத்திலோ ரத்தம் இழந்த ஒருவருக்கு ஏற்றப்பட்டுவிடலாம். ஐயம் உள்ளவர் ரத்த தானத்திலிருந்து விலகி நிற்பதுதான் பிறருக்குச் செய்யும் நன்மை.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருவோம். நம் நாட்டில் வயது வந்தோரில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 விழுக்காட்டினர். தொற்றுள்ள, சிகிச்சையில் இல்லாத ஒரு பெண்ணோடு ஆணுறையின்றி ஒருமுறை உறவுகொள்ளும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு ஆணிடமிருந்து தொற்றும் வாய்ப்பு அதைப்போல இரண்டு மடங்கு. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு அது பல மடங்கு அதிகம். இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண் இருந்தால் இந்த எண்கள் உயரும். ஆக, உங்களுக்குத் தொற்றியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்ளுங்கள், பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சலையும் வாய்ப்புண்ணையும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எச்.ஐ.வி. புகுந்த 2 முதல் 4 வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு வருவதுண்டு. பலருக்கு எதுவும் வருவதில்லை. தூக்கமின்மையும் பதற்றமும் வாய்ப்புண்ணுக்குப் போதுமான காரணங்கள். அறிகுறிகளை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தேடத்தேட அச்சம்தான் வளரும்.

நீங்கள் செய்த இரண்டு பரிசோதனைகளும் மிக முந்தியவை. எச்.ஐ.வி.யின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துக் கண்டறியும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, ஆய்வகத்தில் நாளத்திலிருந்து எடுக்கும் ரத்தத்தில் செய்யப்பட்டால், 45 நாள்களில் நம்பத்தக்க முடிவைத் தரும். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 3 மாதங்கள்வரை ஆகும். ஆகவே 45 நாள்கள் முடிந்ததும் ஒருமுறையும், 3 மாதம் முடிந்ததும் ஒருமுறையும் செய்துகொள்ளுங்கள். இடையில் வாரத்துக்கு ஒன்று என்று செய்வது பணத்தையும் மனத்தையும் கரைக்குமே தவிர, எதையும் கூடுதலாகச் சொல்லாது. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும், முடிவை வெளியில் சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடைசெய்கிறது. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் பேசலாம்.

உங்களுக்கு இனிப் பயன்படாவிட்டாலும் மற்ற வாசகர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள்கள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ எச்.ஐ.வி.க்குக் கூட்டுமருந்துச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்திலோ கேளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இதையும், அவசரக் கருத்தடையையும் சிகிச்சையோடு சேர்த்து இலவசமாகத் தர வேண்டியது மருத்துவமனையின் கடமை.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது, அதைக் கட்டுப்படுத்தும் மருந்து எதுவும் இங்கே இல்லை. 2004-இல் இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் மையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. இன்று மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதில்லை. அவர்கள் மணம் செய்து, தொற்றில்லாத குழந்தை பெற்று, முழு ஆயுள் வாழ்கிறார்கள். பரிசோதனை முடிவை எதிர்கொள்ள அஞ்ச வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. மீதே கண் வைத்திருப்பவர்கள், அதைவிட எளிதில் தொற்றும் மற்றவற்றை மறந்துவிடுகிறார்கள். வெட்டை எனப்படும் கொனோரியா ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழும் எரிச்சலுமாகக் காட்டும். கிளமிடியா பலருக்கு எதையும் காட்டாமலே தங்கிவிடும். இவ்விரண்டையும் உறவு நடந்த 2 வாரத்துக்குப் பிறகு சிறுநீரிலேயே பரிசோதிக்கலாம், ஆகவே நீங்கள் இப்போதே செய்யலாம். கிரந்தி எனப்படும் சிஃபிலிஸ் 10 முதல் 90 நாள்களுக்குள், பெரும்பாலும் 3 வாரத்தில், வலியே இல்லாத ஒரு புண்ணாகத் தொடங்கித் தானே ஆறிவிடும். ஆறியதால் நோய் போய்விட்டது என்று எண்ணுவதில்தான் ஆபத்து. கிருமி உடலுக்குள் இருந்து, பிறகு மனைவிக்கும், அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் செல்லும். தொடக்க நிலையில் கண்டறிந்தால் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும் நோய் இது. இதற்கான ரத்தப் பரிசோதனையான வி.டி.ஆர்.எல். பரிசோதனையை 45 நாளிலும் 3 மாதத்திலும் எச்.ஐ.வி. பரிசோதனையோடு சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றையும் பாருங்கள். நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசி போடத் தொடங்கியது 2011-இல்தான் என்பதால், உங்கள் வயதில் பலர் போட்டிருப்பதில்லை. இல்லையென்றால் 0, 1, 6 ஆகிய மாதங்களில் 3 தவணையாகப் போட்டுக்கொள்ளலாம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒற்றை மாத்திரையையும், விளம்பரம் செய்துவிட்டு லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களையும் நம்ப வேண்டாம். அரைகுறைச் சிகிச்சை அறிகுறியை மறைத்து நோயை வைத்திருக்கும்.

திருமண நாளை உங்கள் கணக்கோடு பொருத்திப் பார்த்தேன். 45 நாள் பரிசோதனை திருமணத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. 3 மாதப் பரிசோதனை மணநாளை ஒட்டியோ சற்றுப் பின்னோ வரும். அந்த இரண்டாம் முடிவு வரும்வரை ஆணுறை இல்லாத உறவு வேண்டாம். திருமணத்தைச் சில வாரங்கள் தள்ளிவைக்க முடியுமானால் அதுவே எளிது; முடியாதென்றால், குழந்தைப்பேற்றைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று மட்டும் சொல்லிவிடாமல், காரணத்தையே அந்தப் பெண்ணிடம் சொல்லும் துணிவு உங்களுக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. அவருடைய உடலைப் பற்றிய முடிவு அது.

கேள்வி: குழந்தைக்கு 5 மாதம். தாய்ப்பால் மட்டுமே தருகிறேன். இன்னும் மாதவிடாய் வரவில்லை. கருத்தடை ஏதும் இல்லாமல் உறவுகொண்டோம். கரு நிற்குமா?

பதில்: குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல், மாதவிடாய் திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தரும்வரை கருத்தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கும் குறைவு. இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று மாறினாலும் இந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடுவதால், மாதவிடாய் வராமலே மறுபடி கருத்தரித்தவர்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருப்பார்கள். அடுத்த மாதத்துக்குள் காப்பர்-டியோ ஆணுறையோ முடிவுசெய்துவிடுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரை தேவைப்பட்டால் பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம்.

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர் வெளிமாநிலத்தில் வேலை செய்து சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார். அவர் வந்து சென்ற பிறகு மஞ்சள் கலந்த வெள்ளைப்படுதல், உறவின்போது வலி. அரசு மருத்துவமனையில் கருப்பை வாயில் அழற்சி என்று சொல்லிச் சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்றை எனக்கும், ஒன்றை அவருக்கும் தந்தார்கள். நோய் உனக்குத்தானே, எனக்கு எதற்கு மாத்திரை என்று அவர் மறுக்கிறார். அவர் வேறு எங்கோ போயிருக்கிறார் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா, டாக்டர்?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியின் வேதனை எனக்குப் புரிகிறது. இந்த அழற்சியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிளமிடியா போன்ற தொற்று எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக்கணக்கில் உடலில் இருக்கக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மருத்துவரால்கூடச் சொல்ல இயலாது. வெள்ளைப்படுதல் எல்லாமே உறவினால் வருவதும் அல்ல. பூஞ்சைத் தொற்று சர்க்கரை நோயினாலும், வேறு நோய்க்குச் சாப்பிட்ட மருந்தினாலும் வரும். அவரோடு பேச வேண்டியதை நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் சிகிச்சை அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அந்தச் சாம்பல் நிறப் பொட்டலத்தில் உள்ளவை கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்குமான மருந்துகள். நீங்கள் மட்டும் சாப்பிட்டுக் குணமாகி, அவர் சாப்பிடாமல் இருந்தால், அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது தொற்று உங்களுக்குத் திரும்பும். ஆணுக்கு எரிச்சலோ சீழோ இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்லித் தருவதைவிட, இருவரும் சேர்ந்து சாப்பிட்டால்தான் எனக்குக் குணமாகும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்லுங்கள்; அது உண்மையும்கூட. நேரில் வரத் தயங்கினால் அவர் வேலை செய்யும் ஊரின் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருவரும் மருந்து சாப்பிட்டு 7 நாள்கள் ஆகும்வரை உறவு வேண்டாம். அதன் பிறகும் அவர் மறுத்தால், ஆணுறை இல்லாமல் இணங்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இருவரும் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். ஒரு பால்வினைத் தொற்று இருக்குமிடத்தில் இன்னொன்றையும் தேடிப் பார்ப்பது மருத்துவ வழக்கம். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் செய்யப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும், அழற்சி ஆறியபின் கேட்டுப் பெறுங்கள். அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொற்று கருக்குழாய்க்கு ஏறியிருந்தால், அதில் விழும் தழும்பு பின்னாளில் குழந்தையின்மைக்கும், கருக்குழாயிலேயே கரு தங்குவதற்கும் காரணமாகும்.